ஒன்றே முக்கால் மணிக் கதைகள்: பிரிட்டிஷ் ஒலி, ஒளிபரப்பில் சிறாருக்கு எழுதிய பெண்கள்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரிட்டனில் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் சிறுவர் நூல்களுக்கும் எழுதி வாழ்ந்த பெண்கள் பலர் இருந்தும், ஆங்கில இலக்கிய வரலாறுகள் அவர்களைப் பெரும்பாலும் அடிக்குறிப்பில்கூடச் சேர்த்ததில்லை. இம்மூன்று துறைகளையும் ஒன்றின் கிளைகளாகப் பார்க்கும் பழக்கம் இதற்கு ஒரு காரணம். உண்மையில் ஒரே கதையை எழுதிய அதே பெண்ணுக்கு வானொலி ஒரு வகையான பிழைப்பையும், தொலைக்காட்சி வேறொரு வகையான பிழைப்பையும், அச்சு நூல் முற்றிலும் மாறுபட்ட ஒன்றையும் கொடுத்தன. வானொலி நாள்தோறும் புதிய எழுத்தைக் கேட்டது. தொலைக்காட்சி ஒருமுறை எழுதியதைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பக் காட்டியது. நூல் மட்டுமே எழுதியவரின் பெயரை அட்டையில் தாங்கியது. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு பார்த்தால்தான் அப்பெண்களில் யார் நினைவில் நின்றார், யார் மறைந்தார் என்பது விளங்கும்.

பிபிசி 1922ஆம் ஆண்டு நவம்பரில் ஒலிபரப்பைத் தொடங்கிய சில வாரங்களிலேயே, அவ்வாண்டு டிசம்பரில், சிறுவர்களுக்கான மாலை நிகழ்ச்சி வந்துவிட்டது. ‘சில்ட்ரன்ஸ் அவர்’ எனப் பெயர்பெற்ற அந்நிகழ்ச்சியில் நிலைய ஊழியர்களே மாமாக்களாகவும் அத்தைகளாகவும் பெயர் சூட்டிக்கொண்டு பேசினர். பொறியாளரும் எழுத்தரும் தத்தம் வேலை முடிந்தபின் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து கதை படித்த காலம் அது. இந்த உறவுமுறை அழைப்பு வீட்டுக்குள் நுழையும் அந்நியக் குரலுக்கு ஒரு மரியாதையான வாசற்படியாக அமைந்தது என்பது மெய். ஆனால் சிறுவர் நிகழ்ச்சியை எழுதுவது ஒரு தொழில் அன்று, நல்ல மனம் படைத்த உறவினர் செய்யும் உபகாரம் என்ற எண்ணத்தையும் அதுவே விதைத்தது. அந்த எண்ணம் பிறகு நெடுங்காலம் மாறவில்லை.

வானொலிக்கென எழுதுவது தனிக்கலை என்பதை அந்நிறுவனத்துக்குள் முதலில் தெளிவாக வகுத்தவர்களுள் ஹில்டா மாதிசன் முக்கியமானவர். முதல் உலகப் போரில் உளவுத்துறையில் பணியாற்றி, பின் நாடாளுமன்ற உறுப்பினர் நான்சி ஆஸ்டரின் செயலாளராக இருந்த இவர், 1920களின் இறுதியில் பிபிசியின் பேச்சுத் துறைக்குத் தலைமை வகித்தார். மேடைச் சொற்பொழிவையும் அச்சுக் கட்டுரையையும் அப்படியே ஒலிவாங்கியின் முன் வாசித்தால் கேட்பவர் செவியை மூடிக்கொள்வார் என்பதைக் கண்டு, தனியே அமர்ந்திருக்கும் ஒருவரிடம் பேசுவதுபோல் எழுதப்பட்ட பிரதியையே அவர் கேட்டு வாங்கினார். எழுதியவர் அதை உரக்கப் படித்து, மூச்சு முட்டும் இடங்களைத் திருத்தி, மீண்டும் படிக்க வேண்டும் என்ற நடைமுறையை நிலைநிறுத்தினார். 1933இல் வெளிவந்த ‘பிராட்காஸ்டிங்’ என்ற அவருடைய நூல் இவ்வனுபவத்தின் தொகுப்பு. மாதிசனின் துறையில் பணியாற்றிய லயனல் ஃபீல்டன்தான் 1935இல் இந்தியாவுக்கு வந்து அகில இந்திய வானொலியை உருவாக்கியவர் என்பதும், சென்னை நிலையம் 1938இல் அவர் பொறுப்பில் இருந்தபோதே திறக்கப்பட்டது என்பதும் இங்கே போகிற போக்கில் குறிப்பிடத்தக்கவை.

மாதிசன் பெரியவர்களின் பேச்சுக்குச் செய்ததைப் பள்ளிச் சிறார்க்கான ஒலிபரப்பில் செய்தவர் மேரி சாமர்வில். வகுப்பறையில் வைக்கப்பட்ட வானொலிப் பெட்டியின் வழியே பாடம் நடத்தும் பள்ளி ஒலிபரப்பு 1924இல் தொடங்கியது. அதில் பேராசிரியர்கள் தங்கள் விரிவுரைகளைச் சிறுவர்கள்மீது கொட்டிய தொடக்க நிலையை மாற்றி, நாடகமாகவும் உரையாடலாகவும் இசையாகவும் எழுதப்பட்ட பிரதிகளைச் சாமர்வில் கொண்டுவந்தார். அத்துறையில் ஆன் டிரைவர் 1930களில் நடத்திய ‘மியூசிக் அண்ட் மூவ்மென்ட்’ என்ற நிகழ்ச்சி, பிற்காலச் சிறுவர் ஒளிபரப்பின் விதையாக அமைந்தது எனலாம். பியானோவின் இசைக்கேற்பப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் துள்ளவும் நடக்கவும் சுருண்டு படுக்கவும் சொல்லும் அந்நிகழ்ச்சியில், குரல் சொல்லி முடித்தபின் குழந்தை செய்து முடிக்கும்வரை ஒலிபரப்பு காத்திருக்க வேண்டும். ஆகவே எத்தனை நொடி பேசக்கூடாது என்பதும் எழுத்தாளரின் வேலையாகிவிட்டது.

இவ்விடத்தில் நிறுவனத்தின் ஒரு விதியைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. 1932இல் பிபிசி திருமணத் தடை விதியைக் கொண்டுவந்தது. அதாவது, பெண் ஊழியர் திருமணம் செய்துகொண்டால், விதிவிலக்கு அளிக்கப்பட்ட சிலர் நீங்கலாக, வேலையை விட்டு விலக வேண்டும். 1944இல்தான் இவ்விதி கைவிடப்பட்டது. சாமர்வில் இவ்விதிக்கு முன்பே மணமாகித் தாயாகியும் பணியில் தொடர்ந்தவர் என்பதால் அவருடைய நிலை வேறு. மற்றவர்களுக்கு எஞ்சிய வழி, ஊழியராக இல்லாமல் வெளியிலிருந்து எழுதி அனுப்புவது. வெளியிலிருந்து எழுதுபவருக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் பதவி உயர்வும் கிடையா, பிரதிக்கு இவ்வளவு என்ற கூலி மட்டுமே உண்டு; எனினும், மணமான பெண்ணைத் தடுக்கும் வாசற்காவல் அந்த வழியில் இல்லை. வீட்டில் இருந்தபடி, தட்டச்சுப்பொறியின் முன் அமர்ந்து, அஞ்சலில் கதை அனுப்பும் பெண் எழுத்தாளர் என்ற வகையினர் பெருகியதற்குத் தாய்மை உணர்வைக் காரணமாகக் காட்டுவது அக்காலத்து வழக்கம். இந்த விதியின் பங்கு அதைவிடக் குறைந்ததன்று.

போருக்குப் பின் இவ்வகை எழுத்துக்கு நிலையான இடம் ஒன்றை உண்டாக்கிக் கொடுத்தவர் ஃபிரீடா லிங்ஸ்ட்ராம். 1893இல் லண்டனில் பிறந்து, ஓவியராகப் பயின்று, நாற்பத்தேழு வயதை நெருங்கிய நிலையில் 1940இல் பள்ளி ஒலிபரப்புத் துறையின் துணைத்தலைவராகப் பிபிசியில் சேர்ந்த இவருடைய தொழில்வாழ்க்கை, பொதுவாக மற்றவர்கள் ஓய்வைப் பற்றி எண்ணத் தொடங்கும் பருவத்தில்தான் சூடுபிடித்தது. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளுக்குப் பல நிகழ்ச்சிகள் இருக்க, அதற்கும் குறைந்த வயதுடைய மழலைகளுக்கு ஒன்றுமில்லை என்ற குறையை நிரப்ப அவர் வகுத்த ‘லிஸன் வித் மதர்’, அதாவது அம்மாவோடு சேர்ந்து கேட்கும் நிகழ்ச்சி, 1950 ஜனவரி 16 அன்று தொடங்கியது. வாரநாள்களில் பிற்பகல் ஒன்றே முக்கால் மணிக்குத் தொடங்கிப் பதினைந்து நிமிடம் ஓடி, இரண்டு மணிக்குத் தொடங்கும் மகளிர் நிகழ்ச்சிக்கு முன்னால் அது முடியும். மதிய உணவு முடிந்து, பாத்திரம் கழுவி, குழந்தை உறங்கப்போகும் முன்னுள்ள இடைவெளி அது. பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரே ஒரு சிறுமிக்காக இயற்றிய பியானோத் தொகுப்பிலிருந்து எடுத்த தாலாட்டே அதன் அடையாள இசை. முதல் நாளன்று ஜூலியா லாங் கதையைத் தொடங்குமுன், குழந்தை வசதியாக அமர்ந்துவிட்டதா எனத் தன் போக்கில் கேட்டது அடுத்தடுத்த நாள்களில் சடங்காகி, மேற்கோள் அகராதிகளிலும் ஏறியது. அந்த நிகழ்ச்சிக்கென எழுதப்பட்ட நூற்றுக்கணக்கான கதைகளை விட, எழுதப்படாத அந்த ஒற்றைக் கேள்வி நீண்ட ஆயுள் பெற்றதில் எழுத்தாளர்களுக்குச் சற்று வருத்தம் இருந்திருக்கலாம்.

அந்தக் கதைகள் எப்படி எழுதப்பட்டன என்பது தனியே ஆராயத்தக்கது. மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு, முகம் தெரியாத ஒற்றைக் குரல், படமில்லாமல், சில நிமிடங்களில் ஒரு கதையைச் சொல்லி முடிக்க வேண்டும். தாளில் படிப்பவர் பின்னோக்கிச் சென்று மீண்டும் படிக்கலாம், செவியால் கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. ஆகையால் யார் பேசுகிறார் என்பது பேச்சுக்கு முன்பே வரவேண்டும், பாத்திரத்தின் பெயர் பதிலியாக மாறாமல் திரும்பத் திரும்ப ஒலிக்கவேண்டும், ஒரே வினைத்தொடர் மும்முறை வந்து நான்காம் முறை மாறவேண்டும். கதையில் அச்சம் இருக்கலாம், ஆனால் குரல் நின்றபின் அது அறையில் தங்கிவிடக் கூடாது. உறங்கப்போகும் குழந்தையைக் கதை எழுப்பிவிட்டால் மறுநாள் தாய்மாரின் கடிதங்கள் வந்து குவியும். எளிமை என்று பெரியவர்கள் இதைச் சொல்லிவிட்டுப் போகலாம். எனினும், பெரியவர்களுக்கான சிறுகதையில் மன்னிக்கப்படும் தளர்ச்சி எதுவும் இங்கே மன்னிக்கப்படுவதில்லை என்பதும், சலித்துப்போன குழந்தை மரியாதைக்காகக்கூட அமர்ந்திருப்பதில்லை என்பதும் இவ்வெழுத்தின் கடுமையான தேர்வுகள்.

வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் ஆண்டுக்கு இருநூற்றைம்பது ஒலிபரப்புகளுக்கு மேல். பழைய கதைகளை மீண்டும் படித்தாலும், புதிய கதைகளின் தேவை தீர்வதே இல்லை. இந்தத் தீராத பசிதான் பல பெண்களை எழுத்தாளராக்கியது. அவர்களுள் டாரதி எட்வர்ட்ஸின் தொழில்வாழ்க்கை முழுமையான எடுத்துக்காட்டு. தன் சிறுவயதுத் தங்கையை மாதிரியாகக் கொண்டு, குறும்புக்காரத் தங்கை ஒருத்தியின் சேட்டைகளை அக்காளின் வாய்மொழியாகச் சொல்லும் கதைகளை அவர் இந்நிகழ்ச்சிக்காக எழுதினார். கதைசொல்லும் அக்காளும் அன்று சிறுமிதான் என்பதால், தங்கையைப் பற்றிய புகாரும் அவள்மீதான பெருமையும் ஒரே மூச்சில் வரும். கேட்கும் குழந்தையோ தன்னை அக்காளாகவும் தங்கையாகவும் மாறிமாறி எண்ணிக்கொள்ளும். நீதி சொல்லும் பெரியவரின் குரலைக் கதையிலிருந்து விலக்கி வைத்த இந்த உத்தி, அன்றைய பிரிட்டிஷ் குழந்தைக் கதைகளில் எளிதாகக் காணக்கூடியது அன்று. 1952இல் இக்கதைகள் நூலாயின. பின்னர் ஷர்லி ஹியூஸின் ஓவியங்களோடு வெளிவந்த பதிப்புகள் இன்றுவரை விற்பனையில் இருக்கின்றன. எட்வர்ட்ஸ் தொலைக்காட்சியின் மழலையர் நிகழ்ச்சிக்கும் எழுதினார். 1981இல் அவர் எழுதிய ‘தி விட்சஸ் அண்ட் தி கிரினிகாக்’ என்ற நாவல், அவர் 1982இல் மறைந்தபின், 1983இல் தொலைக்காட்சித் தொடராயிற்று. வானொலியில் பிறந்த கதைகள் அச்சேறியிராவிட்டால் இந்தப் பெயர் இன்று எவருக்கும் தெரிந்திருக்காது. அதே நிகழ்ச்சிக்கு எழுதி, கதைகளை நூலாக்காத எத்தனையோ பேருக்கு அதுவே நேர்ந்தது.

வாசலைக் காத்தவர்களும் பெண்களே. எனிட் பிளைட்டன் புத்தகக் கடைகளில் கொடிகட்டிப் பறந்த காலத்தில், அவருடைய கதைகள் பிபிசியில் ஏறத்தாழ இடம்பெறவே இல்லை என்பதும், பள்ளி ஒலிபரப்புத் துறையின் ஜீன் சட்கிளிஃப் 1930களின் இறுதியிலிருந்து அவற்றைத் தரத்தின் பேரில் ஏற்க மறுத்தார் என்பதும் 2009இல் பிபிசி தன் பழைய குறிப்பாணைகளை வெளியிட்டபோது பலருக்கும் வியப்பளித்தன. இலக்கியத் தராசை இவ்வளவு கறாராகப் பிடித்தவர்களை மேட்டிமைக்காரர் என்பதா, மழலைச் செவிக்கு மாற்றுக் குறையாத சரக்கையே தரவேண்டும் என்று நின்ற தொழில்வல்லுநர் என்பதா என்ற கேள்விக்கு இரண்டுமே விடையாகலாம். எப்படியிருப்பினும், சிறுவர் எழுத்தைப் படித்துத் தள்ளுவதற்கு ஓர் அளவுகோல் இருந்தது என்பதையும், அதைக் கையில் வைத்திருந்தவர் ஒரு பெண் அதிகாரி என்பதையும் அக்குறிப்புகள் காட்டுகின்றன.

தொலைக்காட்சியின் கதை வேறு. 1936இல் தொடங்கிப் போரின்போது நிறுத்தப்பட்ட ஒளிபரப்பு 1946 ஜூனில் மீண்டது. அவ்வாண்டே ‘மஃபின்’ என்ற கோவேறு கழுதைப் பாவை சிறுவர்களின் நாயகனாயிற்று. அனெட் மில்ஸ் பியானோவில் அமர்ந்து பாட, பியானோவின் மேற்பரப்பில் ஆன் ஹோகார்த் நூலிழுத்து அப்பாவையை ஆட்டுவார். அனெட் மில்ஸே பாடல்களை எழுதினார். 1950ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தொலைக்காட்சி உரிமம் பெற்ற வீடுகள் ஏறத்தாழ மூன்றரை லட்சம் மட்டுமே; வானொலி உரிமங்களோ கோடியைத் தாண்டியிருந்தன. எனவே பெரிய எழுத்தாளர்கள் எட்டிப் பார்க்காத அந்த ஊடகத்தில், சோதனை செய்து பார்க்க இடமிருந்தது.

பிபிசி தொலைக்காட்சியின் உரைநிகழ்ச்சிப் பிரிவை நடத்திய மேரி ஆடம்ஸ், வானொலியில் லிங்ஸ்ட்ராம் செய்ததைத் திரையிலும் செய்யுமாறு கேட்டுக்கொண்டதன் விளைவு ‘ஆண்டி பாண்டி’. தன் நெடுநாள் தோழி மரியா பேர்டுடன் சேர்ந்து, கென்ட் மாவட்டத்து வெஸ்டர்ஹாம் ஊரின் பெயரால் ‘வெஸ்டர்ஹாம் ஆர்ட்ஸ்’ என்ற சிறு அமைப்பை வைத்துக்கொண்டு லிங்ஸ்ட்ராம் உருவாக்கிய இந்நிகழ்ச்சி 1950 ஜூலை 11 அன்று முதன்முதலில் ஒளிபரப்பாயிற்று. கோடுபோட்ட தொளதொள உடையணிந்த நூல்பாவைச் சிறுவன் ஒருவன், அவனோடு விளையாட ஒரு கரடிப் பொம்மை, இவர்கள் இருவரும் இல்லாதபோது மட்டும் உயிர்பெற்று ஆடும் லூபி லூ என்ற துணிப்பொம்மை: அவ்வளவே அதன் உலகம். பிரதியையும் இசையையும் ஆக்கியதோடு, நிகழ்வதைச் சொல்லும் குரலாகவும் மரியா பேர்டே இருந்தார். பாடல்களை கிளாடிஸ் விட்ரெட் பாடினார். ஆட்ரி அட்டர்பரியும் மாலி கிப்சனும் நூலிழுத்தனர். பாவையைப் படைத்தபோது ஆட்ரியின் சிறுவயது மகன் பால் மாதிரியாக இருந்தான்; அந்த மகனே பின்னாளில் பழம்பொருள் நிபுணராகத் தொலைக்காட்சியில் அறியப்பட்டார்.

இந்நிகழ்ச்சியின் எழுத்தை இன்று பார்ப்பவர்க்கு அது எழுத்தாகவே தோன்றாமல் போகலாம். ஆண்டி ஊஞ்சலாடுகிறான், குரல் அதைச் சொல்கிறது, பார்க்கும் குழந்தையையும் அதுபோல் ஆடச் சொல்கிறது, பிறகு நின்று காத்திருக்கிறது. ஆண்டி கையசைக்கிறான், குழந்தையும் கையசைக்கிறது. ஆன் டிரைவரின் வகுப்பறை வானொலியில் இருந்த அதே காத்திருப்பு இங்கே வரவேற்பறைக்கு வந்திருக்கிறது. பாவைக்குப் பேச்சு இல்லாமையால், அது வெறும் உடலசைவாக நின்று, குழந்தை அதன் இடத்தில் தன்னை வைத்துக்கொள்ள இடம் கிடைக்கிறது. கண்ணெதிரே தெரிவதைச் சொல் மீண்டும் சொல்லக்கூடாது என்பது பெரியவர்களுக்கான படவுரை எழுதும் விதி. மொழியைக் கற்றுக்கொண்டிருக்கும் குழந்தைக்கோ பொருளும் அதன் சொல்லும் ஒரே நொடியில் சேர்ந்து வரவேண்டும் என்பதை மரியா பேர்ட் அறிந்திருந்தார். அவருடைய வாக்கியங்களின் நிதானம் இந்த அறிவிலிருந்து வந்தது.

முதலில் நேரடியாக ஒளிபரப்பான இந்நிகழ்ச்சியைப் பின்னர்ப் படச்சுருளில் பதிந்தனர். இருபத்தாறு படங்கள் ஆயின. அந்த இருபத்தாறையும் 1970 அளவில் தேய்ந்து சிதையும் வரை பிபிசி சுழற்சி முறையில் காட்டிக்கொண்டே இருந்தது. அதன்பின் வண்ணத்தில் புதிதாகப் பதின்மூன்று எடுக்கப்பட்டன. இரண்டு தலைமுறைக் குழந்தைகள் ஒரே படங்களைப் பார்த்து வளர்ந்தன. புதிய மழலை ஆண்டுதோறும் வந்துசேரும்போது புதிய படம் எதற்கு என்ற கணக்கு நிறுவனத்துக்குச் சரியாகவே இருந்தது. எழுத்தாளரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதன் பொருள் வேறு: வானொலி ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கதைகளைக் கேட்டுப் பலருக்குச் சிறுசிறு கூலி கொடுத்தது, தொலைக்காட்சி இருபத்தாறு பிரதிகளோடு இருபது ஆண்டு ஓட்டியது. புகழ் ஊடகத்துக்குப் பெரிதாக, பிழைப்பின் வாயில் எழுத்தாளருக்குக் குறுகியது.

1952 டிசம்பரில் தொடங்கிய ‘ஃபிளவர்பாட் மென்’ தொடரில் பில், பென் என்ற பூந்தொட்டி மனிதர் இருவர், தோட்டக்காரர் உணவுக்குச் சென்ற வேளையில் எழுந்து ஆடுவர். இவர்களுக்குக் குரல் கொடுத்த பீட்டர் ஹாக்கின்ஸ் உருவாக்கிய ‘ஆடில் பாடில்’ என்னும் மழலைக் கொச்சை, பிள்ளைகளின் பேச்சைக் கெடுத்துவிடும் என்று பெற்றோரும் ஆசிரியரும் கண்டித்தனர். இத்தொடர் யாருடையது என்பதிலும் ஒரு பிணக்கு உண்டு. யார்க்‌ஷரைச் சேர்ந்த ஹில்டா பிராபன், தன் தம்பியரை மாதிரியாகக் கொண்டு பில், பென் என்ற பெயர்களில் தாம் எழுதி, ‘லிஸன் வித் மதர்’ நிகழ்ச்சியில் 1951இல் படிக்கப்பட்ட மூன்று கதைகளே இத்தொடரின் ஊற்று என்று உரிமை கோரினார். படைப்பு லிங்ஸ்ட்ராமுக்கும் பேர்டுக்கும் உரியது என்பது மறுதரப்பு. தீர்ப்பு எதுவாக இருந்தாலும், காற்றில் படிக்கப்பட்ட கதைக்கு அச்சு நூலைப்போல் உரிமைச் சான்று எளிதில் நிற்காது என்பதே இப்பிணக்கின் வேர்.

வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தொடர் என்ற அமைப்பு 1955இல் நிறைவடைந்தபோது, வியாழக்கிழமைக்குரிய ‘ராக், டேக் அண்ட் பாப்டெய்ல்’ தொடரை எழுதியவர் லூயிஸ் காக்ரன். அமெரிக்க எழுத்தாளர் கிறிஸ்டோபர் மோர்லியின் மகளான இவர், இங்கிலாந்தில் குடியேறிப் பிபிசிக்கு எழுதினார். முள்ளெலி, சுண்டெலி, முயல் ஆகிய மூன்றும் கையுறைபோல் விரல்களில் மாட்டி ஆட்டும் கைப்பாவைகள். ஆண்டியின் தொடரைப் போலன்றி இதில் கதை உண்டு, சின்னஞ்சிறு சிக்கலும் அதற்கொரு முடிவும் உண்டு. காக்ரன் நிழற்பாவை, மேசைமேல் நடத்தும் சிறு நாடக மேடை ஆகியவற்றைச் செய்யும் முறை பற்றிச் சிறுவர்க்கு நூல்கள் எழுதினார். அவருடைய கடைசிப் பெரும் நூல் இத்திசையிலேயே இல்லை: அரபு மொழியிலிருந்து யூக்ளிடின் வடிவியலை இலத்தீனுக்குக் கொண்டுவந்த பன்னிரண்டாம் நூற்றாண்டு அறிஞர் பாத் நகரத்து அடிலார்டின் வாழ்க்கை வரலாறு அது, 1994இல் பிரிட்டிஷ் மியூசியம் பதிப்பகம் அதை வெளியிட்டது. முள்ளெலிக்கு உரை எழுதிய கையே இடைக்கால அறிவியல் வரலாற்றையும் எழுதியது என்பது, குழந்தை எழுத்தாளரைக் குறுகிய வட்டத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி.

இத்தொடர்கள் அனைத்தையும் ஒன்றாகக் கோத்த ‘வாட்ச் வித் மதர்’ என்ற தலைப்பு தற்செயலானது அன்று. தொலைக்காட்சி செவிலியாக மாறி, தாய் பிள்ளையை அதன் முன்னே போட்டுவிட்டுப் போய்விடுவாள் என்ற அச்சம் அன்று பரவலாக இருந்தது. தாய் உடனிருந்து பார்ப்பதற்கே இந்நிகழ்ச்சி என்று தலைப்பே உறுதிகூறி அவ்வச்சத்தைத் தணித்தது. பிற்பகல் மூன்றே முக்கால் மணியளவில், மூத்த பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புமுன், மகளிர் நிகழ்ச்சிகளை ஒட்டி அது இடம்பெற்றது. தலைப்பு பணியைச் செய்தது. ஆனால், அதே தலைப்பு இந்நிகழ்ச்சியை வீட்டுக்கும் தாய்க்கும் சொந்தமாக்கி, அதை எழுதுவதற்குத் தேர்ச்சி பெற்ற எழுத்தாளர் தேவை என்பதைப் பார்வையிலிருந்து அகற்றியது. மணமாகாத, பிள்ளை பெறாத இரு நடுவயதுப் பெண்கள் படைத்த இவ்வுலகத்தைத் தாய்மையின் இயல்பான பெருக்காக நாடு எடுத்துக்கொண்டது.

1951 முதல் தொலைக்காட்சியின் சிறுவர் பிரிவுக்கே தலைமை வகித்த லிங்ஸ்ட்ராம், 1955 செப்டம்பரில் விளம்பர வருவாயில் இயங்கும் ஐடிவி வந்ததும் கடும் போட்டியைச் சந்திக்க நேர்ந்தது. பிபிசி வாசலில் நிறுத்தப்பட்ட பிளைட்டனின் கதைநாயகன் ‘நாடி’ அம்மாதமே பாவை வடிவில் ஐடிவியில் ஏறியது. மூத்த சிறுவர்கள் அமெரிக்கச் சாகசப் படங்களை நோக்கி ஓடினர். லிங்ஸ்ட்ராமின் கண்ணியம் இப்போது பழமை என்று பெயர் பெற்றது. 1956இல் அவர் ஓய்வு பெற, ஓவன் ரீட் அவ்விடத்துக்கு வந்தார். வட அயர்லாந்து வானொலியில் அத்தையாகப் பேசத் தொடங்கி, 1950களில் சிறுவர் தொலைக்காட்சியின் துணைத்தலைவராகி, செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்கான நிகழ்ச்சியை வளர்த்தெடுத்த அர்சுலா ஈசன் தலைமைப் பொறுப்புக்கு உயர்த்தப்படவில்லை. நாடகப் பிரிவில் டாரதியா புரூக்கிங் ‘ரயில்வே சில்ட்ரன்’, ‘சீக்ரெட் கார்டன்’ முதலிய பழைய நாவல்களைத் தொடர்களாக்கி வந்தார். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து குடும்பத்தோடு தப்பி வந்த ஜூடித் கெர், 1950களில் பிபிசி தொலைக்காட்சியில் பிரதி எழுதிவந்து, குழந்தைகள் பிறந்தபின் அவ்வேலையை விட்டு, 1968இல் தேநீர் அருந்த வந்த புலியைப் பற்றிய படநூலைத் தந்தார். பிரதிகள் எங்கே போயினவோ, புலி நிலைத்துவிட்டது.

1964 ஏப்ரல் 20 மாலை தொடங்கவிருந்த பிபிசியின் இரண்டாம் அலைவரிசை, லண்டனில் ஏற்பட்ட மின்தடையால் தடைப்பட்டு, மறுநாள் காலை பதினொரு மணிக்கு வந்த ‘ப்ளே ஸ்கூல்’ நிகழ்ச்சியோடு முறைப்படி அரங்கேறியது. அதை உருவாக்கியவர் ஜாய் விட்பி. வானொலி ஒலிப்பதிவுக் கூடத்தில் பயின்றவர். பாவையும் அரூபக் குரலும் போய், ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நேரே கேமராவைப் பார்த்துப் பேசினர். தாய் அருகில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை மறைந்தது. நாள்தோறும் நிகழ்ச்சி என்பதால், வானொலிக்கு இருந்த அதே பசி தொலைக்காட்சிக்கும் வந்து, பாடலும் கதையும் எழுதுவோருக்கு மீண்டும் கூலி கிடைக்கலாயிற்று. விட்பி 1965 டிசம்பரில் தொடங்கிய ‘ஜாக்கனாரி’யோ, நடிகர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்து நூலொன்றை வாரம் முழுதும் பகுதி பகுதியாகப் படிப்பது. இங்கே எழுதப்பட்ட நூல் முதலில், ஒளிபரப்பு அதன் பிறகு. முன்பு காற்றில் பிறந்து அச்சுக்குச் சென்ற பாதை தலைகீழாகி, அட்டையில் ஏற்கெனவே பெயர் பெற்றவர்களே திரைக்கு வந்தனர்.

‘வாட்ச் வித் மதர்’ என்ற தலைப்பு 1970களில் கைவிடப்பட்டது. அதற்கு மூலமான வானொலி நிகழ்ச்சி, நேயர்களின் எதிர்ப்புக்கு இடையில், 1982இல் நிறுத்தப்பட்டது. அவ்விரு நிகழ்வுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் பிபிசியின் சிறுவர் நிகழ்ச்சிகளுக்குப் பாட்டெழுதிவந்த ஜூலியா டொனால்ட்சன், வீடு சிறிதென்று புலம்பும் கிழவியைப் பற்றிய பழைய நாட்டார் கதையைப் பாடலாக்கிக் கொடுத்திருந்தார். ஒளிபரப்பாகி மறக்கப்பட்ட அப்பாடல், ஒரு பதிப்பகம் தேடி வந்து கேட்டதன்பேரில், ஆக்சல் ஷெஃப்லரின் ஓவியங்களோடு 1993இல் ‘எ ஸ்குவாஷ் அண்ட் எ ஸ்குவீஸ்’ என்ற நூலாயிற்று. அதே இருவரின் ‘கிரஃபலோ’ என்ற படநூல் அதற்கு ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு வந்தது.